இன்னிக்கு ரொம்ப அடம்

பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறவர்கள் 'துணி மோசம்' என்று எழுதமாட்டோம். அப்படி எழுதினால் மெர்ச்சண்டைசர் நோட்டைத் திருப்பி மேசையில் வீசிவிடுவார். எத்தனையாவது மீட்டரில் கோளாறு, அது ஓட்டையா, ஊசிக்கோடா, எண்ணெய்க் கறையா, எத்தனை அங்குலம் என்றுதான் எழுத வேண்டும். 3 அங்குலம் வரை ஒரு புள்ளி, 6 வரை இரண்டு, 9 வரை மூன்று, அதைத் தாண்டினால் நான்கு. இந்தக் கணக்கோடு திருப்பூரில் 14 வருடம் ஓட்டியவன் நான். அப்படிப்பட்டவன், என் மகனைப் பற்றி எழுதி வரச் சொல்லி டாக்டரம்மா கேட்டபோது, நோட்டில் முதல் நாள் எழுதிய வரி இதுதான்: "இன்னிக்கு ரொம்ப அடம்."

என் மகனுக்கு ஆட்டிசம் என்ற விஷயம் தெரிந்தவர்கள் கம்பெனியில் இப்போது மதிய சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்காருகிறார்கள். "அண்ணா, எந்த டாக்டருங்கண்ணா? தெரபிக்கு எவ்வளவு ஆகும்?" நோட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் காரியம் நகர்ந்தது அந்த நோட்டால்தான். ஆட்டிசம் ரத்தப் பரிசோதனையில் வராது, ஸ்கேனில் தெரியாது. பிள்ளை என்ன செய்கிறான், அந்த வயதில் செய்ய வேண்டியதில் எதைச் செய்யவில்லை என்று பார்த்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருகிறார். அவர் பார்ப்பது அரைமணி நேரம். மீதிப் பொழுதை நாம்தான் கட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

தம்பிக்கு (பிள்ளையை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறோம், இங்கேயும் அதுவே இருக்கட்டும்) அப்போது இரண்டு வயது முடிந்து ஒரு மாதம். என் மாமியார் வந்திருந்தார். சாயங்காலம் மொட்டை மாடியில் சோறு ஊட்டினார். "அங்க பாரு சாமி, நெலாவப் பாரு, நெலாவுக்கு ஒரு வாய்." தம்பி நிலாவைப் பார்க்கவில்லை. நீட்டிய விரலையும் பார்க்கவில்லை. அந்தக் கையில் கிடந்த வளையலைத்தான் உருட்டிக்கொண்டிருந்தான். அம்மிச்சி அவன் தாடையைப் பிடித்து வானத்துப் பக்கம் திருப்பினார். விட்டதும் தலை வளையலுக்கே வந்தது. "நெலாவெல்லாம் இவனுக்குப் புடிக்கலையாட்ட இருக்குது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

அவளுக்கு அதற்கு ஆறு மாதம் முன்பே உறுத்தல் இருந்திருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஆனால் சமையலறையில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் வாசலிலிருந்து ஓடி வருவான். ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் வைப்பான். என் முகத்தைப் பார்க்கமாட்டான், கை மட்டும் போதும் அவனுக்கு. கெட்டிக்காரன், எட்டாததற்கு ஆள் பிடிக்கிறான் என்று நான் பெருமைப்பட்டேன். ஆங்கில எழுத்து இருபத்தாறையும் முன்னும் பின்னுமாகச் சொல்வான். வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லச் சொல்லிக் காட்டினோம். 'அம்மா' என்று கூப்பிடுவதில்லை என்பது அந்தக் கைத்தட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

சொந்தக்காரர்கள் சொன்னதை எல்லா வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். நாக்கில் வசம்பு உரசித் தடவு, குலதெய்வத்துக்கு முடி இறக்கினது சரியில்லை, ஆம்பளப் பையன் நேரங்கழிச்சுத்தான் பேசுவான். என் அம்மா மட்டும் ஆதாரத்தோடு பேசினார்: "இவங்கப்பனும் மூணு வயசு வரைக்கும் ஊமையாட்டத்தான் இருந்தான். இப்ப பாரு, வாய மூடறானா?"

முதலில் பார்த்த டாக்டர், ஊர் பெயர் வேண்டாம், பத்து நிமிடம் பார்த்தார். அந்தப் பத்து நிமிடமும் தம்பி மூலையில் உட்கார்ந்து ஒரு கார் பொம்மையின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். சத்தம் இல்லை, அழுகை இல்லை. "பையன் அமைதியா நல்லாத்தானே இருக்கான். ஸ்கூல்ல போட்டா சரியாயிரும்." நான் நிம்மதியாக வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவள் வீடு வரும்வரை பேசவில்லை.

கோயம்புத்தூரில் குழந்தை வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனது அவள் பிடிவாதத்தால். அவர் முதலில் காதைத்தான் சோதிக்கச் சொன்னார். பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்க்கும் பெரா பரிசோதனை. காது சரியாக இருந்தது. பிறகு 20 கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். எம்-சாட் என்பார்கள். 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையிலான பிள்ளைகளுக்கானது. எனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, தனித்தனியாக உட்கார்ந்து நிரப்பச் சொன்னார்.

எனக்கு வந்தது 2. அவளுக்கு வந்தது 7.

இரண்டு வரை கவலை குறைவு. 3 முதல் 7 வரை வந்தால் ஒவ்வொரு பதிலையும் உதாரணம் கேட்டு மறுபடி துருவ வேண்டும். 8-ஓ அதற்கு மேலோ வந்தால் நேராக முழு மதிப்பீட்டுக்கே போகலாம். இது சலிக்கும் சல்லடை மட்டும்தான், இதில் எண் கூடினாலே ஆட்டிசம் என்று ஆகாது என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். ஆனால் ஒரே பிள்ளைக்கு ஒரே வீட்டில் 2-ம் 7-ம் எப்படி? 'ஏதாவது சுவாரசியமானதைக் காட்ட விரலால் சுட்டுவானா' என்ற கேள்விக்கு நான் ஆமாம் போட்டிருந்தேன். அவள் இல்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"கடைசியா எப்பங்க சுட்டினான்? எதை?"

நான் ஃபிரிட்ஜ் கதையைச் சொன்னேன்.

"அது வேணும்னு கேக்கறதுங்க. நான் கேக்கறது வேற. வானத்துல ஏரோப்ளேன் போகுது, அது அவனுக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். ஆனா 'அப்பா, அதப் பாத்தியா?'ன்னு காட்டறது. காட்டிட்டு, நீங்க பாத்தீங்களான்னு திரும்பி உங்க மூஞ்சியப் பாக்கறது."

யோசித்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. நான் பொய் எழுதவில்லை. பாசத்தில் எழுதினேன். அதுவும் செக்கிங்கில் தள்ளுபடிதான்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஒரு விஷயம் சொன்னாள். அவள் எம்.ஏ. தமிழ், கல்யாணத்துக்கு முன் பள்ளியில் பாடம் எடுத்தவள். "ஏனுங்க, அந்தத் தாள்ல இருக்கறது பாதி பிள்ளைத்தமிழ்ல இருக்குதுங்க." எனக்குப் புரியவில்லை. பிள்ளைத்தமிழில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை வரிசைப்படுத்துவது வழக்கமாம். சப்பாணி கொட்டு என்றால் கைகொட்ட வேண்டும். முத்தம் கேட்டால் தர வேண்டும். வா என்றால் வர வேண்டும். பிறகு அம்புலி, தாய் நிலாவைக் காட்டி விளையாடக் கூப்பிடுவது. ஆண்பிள்ளைக்கு அதற்கப்புறம் சிற்றில், மணல்வீடு. மணலை வீடாகப் பாவித்து மற்றப் பிள்ளைகள் நடுவே நடக்கும் ஆட்டம். சொல்லச் சொல்ல அவள் விரல் மடக்கிக்கொண்டே வந்தாள். கைகொட்டுவதை நிறுத்திவிட்டான். முத்தம், நாம் கொடுத்தால் துடைப்பான். வா, வரமாட்டான். அம்புலி… அந்த இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாட்டு எழுதிய புலவர்கள் யாரும் நோயைத் தேடியவர்கள் இல்லை. ஆனாலும் நிலா காட்டுவது வெறும் சோறு ஊட்டும் தந்திரம் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டு வாரம் எழுதி வாருங்கள் என்றார்கள். கம்பெனியில் மிச்சமிருந்த செக்கிங் நோட்டு ஒன்றை எடுத்து வந்தேன். முதல் வரி என்னவென்றுதான் சொல்லிவிட்டேனே. அடுத்த ஐந்து நாளும் அதே ரகம். "சாப்பாடு சரியில்லை." "கொஞ்சம் பரவாயில்லை." "மூடு சரியில்லை." இரண்டாம் வாரம் பாதியில் அதை எடுத்துப் புரட்டியபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. எட்டு பக்கத்தில் என் பிள்ளையைக் காணோம், என் சலிப்புதான் இருந்தது.

மறுபடி ஆரம்பித்தோம். அடம், சேட்டை, கோபம், பிடிவாதம் ஆகிய நாலு சொல்லையும் நோட்டில் தடை செய்தோம். அவை நாம் நினைப்பது, நடந்தது இல்லை. பதிலுக்கு மூன்று கட்டம்: முன்னால் என்ன, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன. பக்கத்தில் மணி, இடம், யார் இருந்தார்கள். எத்தனை நிமிடம் என்பதைக் கைபேசியைப் பார்த்து எழுதினோம். ஏனென்றால் அழுகிற பிள்ளையோடு இருக்கும்போது ஐந்து நிமிடம் அரைமணி நேரமாகத்தான் தெரியும்.

ஒரு பக்கம் இப்படி இருந்தது: "காலை 8.10. கூடம். நான் தரையில் அவன் பக்கத்தில் செங்கல் அடுக்கு பொம்மையோடு. டி.வி. இல்லை. அவன் மூடிகளை ஜன்னலோரம் வரிசை வைத்தான், தண்ணி பாட்டில் மூடி, 11. நான் ஒன்றை நகர்த்தினேன். என்னைப் பார்க்கவில்லை, மூடியை எடுத்து அதே இடத்தில் வைத்தான். மறுபடி நகர்த்தினேன். கத்தினான், தலையைச் சுவரில் இடித்தான், 3 முறை. மூடியை வைத்ததும் நின்றது. 4 நிமிடம்."

பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் எண்ணினோம். கையில் தின்பண்டம் இல்லாமல், தொடாமல், முன்னால் போய் நிற்காமல், ஒரு நாளைக்குப் பத்து முறை, வேறு வேறு நேரத்தில். ஏழு நாளில் 70 முறை. திரும்பியது 9. இதில் 4 அம்மாவுக்கு, 5 எனக்கு. (இந்த ஒன்றில் மட்டும் நான் அவளை ஜெயித்தேன் என்று அற்பமாக ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்கமாட்டேன்.)

கடினமானது இல்லாததை எழுதுவது. துணியில் ஓட்டை கண்ணுக்குத் தெரியும். பாதியிலேயே பின்னாமல் விட்ட டிசைன், மூலச் சாம்பிளைப் பார்க்காதவனுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தபோது அவன் பயந்தான் என்று நான் எழுதினேன். பயந்தவன் எங்கள் முகத்தைத் தேடவில்லை என்பதை அவள் எழுதினாள். பலூன் வெடித்தது, அழுதான் என்று நான். அழுதவன் யாரிடமும் ஓடி வரவில்லை, நின்ற இடத்திலேயே நின்று அழுதான் என்று அவள்.

இந்த வித்தியாசம் பிறகுதான் முழுதாகப் புரிந்தது. ஆட்டிசத்தை முடிவு செய்ய டாக்டர்கள் பெரும்பாலும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டை வைத்துக்கொள்கிறார்கள். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அறிகுறிகள் இரண்டு கூடையில் கிடக்கின்றன. முதல் கூடை பிறரோடு கொடுக்கல் வாங்கல்: பேச்சிலும் உணர்விலும் பதிலுக்குப் பதில், கண்ணும் கையும் முகமும் பேசும் பேச்சு, உறவும் சேர்ந்து விளையாடுவதும். மூன்றிலும் குறை இருந்தாக வேண்டும். இரண்டாவது கூடையில் நாலு: திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றம் தாங்காதது, ஒன்றிலேயே மூழ்குவது, ஒலி, ஒளி, தொடுகை போன்றவை அளவுக்கு மிஞ்சியோ குறைந்தோ உறைப்பது. இதில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கடைசியில் சொன்னது அந்தப் பதிப்பில்தான் புதிதாகச் சேர்ந்தது. இவை சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையை இடறவும் வேண்டும்.

ஒரு ஞாயிறு இரவு நோட்டை வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் ஒன்று, இரண்டு என்று குறித்தோம். நான் எழுதியதில் முக்கால்வாசி 'இரண்டு'. சுற்றுவது, அடுக்குவது, கத்துவது, கண்ணைப் பறிப்பது எல்லாம். அவள் எழுதியதில் முக்கால்வாசி 'ஒன்று'. ஒருவர் மட்டும் எழுதியிருந்தால் டாக்டரம்மாவின் கையில் பாதிப் பிள்ளைதான் போயிருப்பான்.

எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு நோட்டு உதவாது, பழைய கைபேசி உதவியது. மூன்றாம் பிறந்தநாளுக்குள் எடுத்த வீடியோ எல்லாம் தேதியோடு கிடந்தன. 14 மாதத்தில் ஒரு வீடியோ, வாசலில் உட்கார்ந்து "காக்கா" என்கிறான், மாமா வண்டியில் கிளம்ப, டாட்டா காட்டுகிறான். 20 மாதத்தில் அதே வாசல், அதே மாமா, கையை அசைத்து அசைத்துக் கூப்பிடுகிறார். தம்பி வண்டியின் சக்கரத்தைப் பார்க்கிறான். வந்த சொல் போய்விடுவது ஆட்டிசத்தில் சில பிள்ளைகளுக்கு நடப்பதுதான், பெரும்பாலும் இரண்டு வயதுக்கு முன்னால். அந்த இரண்டு வீடியோவை அடுத்தடுத்துப் பார்க்க என்னால் இன்னும் முடிவதில்லை.

கல்யாண வீடியோ ஒன்றும் கிடைத்தது. வீடியோக்காரர் மணமேடையைத்தான் எடுக்கிறார். கெட்டிமேளம் முழங்குகிறது. திரையின் ஓரத்தில், என் தோளில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வில்லாய் வளைகிற ஒரு பிள்ளை. நான் அட்சதை போடும் மும்முரத்தில் இருக்கிறேன்.

புதிதாக எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. கைபேசியை முகத்துக்கு நேராக நீட்டினால் அவன் கைபேசியைப் பார்ப்பான். அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். சாப்பாடு, குளியல், இன்னொரு பிள்ளையோடு விடும் நேரம், எல்லாம் இரண்டு மூன்று நிமிடம். 'நல்லா நடந்துக்கோ சாமி' என்று தயார் செய்து எடுத்தால் வீண். கத்துவதை மட்டும் எடுத்தாலும் வீண்.

பேச்சை எழுதும்போது அவன் சொன்னபடியே எழுதச் சொன்னார்கள். அதனால்தான் இதைப் பிடித்தோம். தண்ணீர் வேண்டுமென்றால் அவன் "தண்ணி வேணுமா?" என்பான். தூக்கச் சொல்ல, "தூக்கட்டுமா?" நாங்கள் அவனிடம் கேட்டதை அப்படியே திருப்பித் தந்துகொண்டிருந்தான். 'வேணுமா'வில் கடைசியில் இருக்கும் அந்த 'ஆ' கேள்வி கேட்கிறவனுக்கு உரியது, வேண்டுகிறவனுக்கு இல்லை என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. உறவுக்காரர்கள் "எவ்வளவு மரியாதையாக் கேக்கறான்" என்பார்கள். எதிரொலிப் பேச்சு என்று அதற்குப் பெயர்.

முதல் நாள் எழுதிய 'அடம்' ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் மாமியார் வீட்டுக்குப் போகும் நாள். "அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?" என்று டாக்டரம்மா கேட்டபோது எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு மனைவி வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடியே மணி பார்த்து எழுதினாள். "10.40. பாலத்துக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பினோம். அழ ஆரம்பித்தான். உடம்பை விறைத்தான். 25 நிமிடம்." திரும்பி வரும்போது அழுகை இல்லை. அதற்கடுத்த ஞாயிறு 10.35, அதே திருப்பம், அதே விறைப்பு. அந்த மாதம் நொய்யல் பாலத்தில் வேலை நடந்ததால் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தோம். எப்போதும் நேராகப் போகும் வண்டி இடப்பக்கம் திரும்பியது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு வழி தெரியும் என்றே எங்களுக்குத் தெரியாது. வருகிற வழி ஏற்கெனவே வேறு தெரு, அதில் மாற்றம் இல்லை.

மூன்று ஞாயிறாக நான் அந்தத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி அவனைத் திட்டியிருக்கிறேன். ஒருமுறை அடித்தும் இருக்கிறேன். நோட்டில் அதையும் எழுதினேன். 'பின்னால் என்ன' என்ற கட்டத்தில் வருகிறது அல்லவா.

தெரபி சொல்லித்தரும் பெண் பிறகு ஒரு வழி சொன்னார். சுற்றுவழியில் நாலு இடத்தைப் படம் எடுத்து, கிளம்பும் முன் வரிசையாகக் காட்டச் சொன்னார். அழுகை நிற்கவில்லை. 25 நிமிடம் 10 ஆனது.

இதற்கு நடுவே இரண்டு நாள் நோட்டில் ஒன்றும் இல்லை. உறவில் ஒருவர் மனைவியிடம் "செல்போனக் கையில குடுத்துட்டு நீ டி.வி. பாத்திருப்பே" என்று சொன்ன நாள். எழுதுவது எல்லாம் தன் மேல் எழுதும் குற்றப்பத்திரிகை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்போது நான் தேடிப் படித்த ஒரு பழைய கதையை அவளிடம் சொன்னேன்.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933-இல் பிறந்தவர் டொனால்ட் டிரிப்லெட். அவரது அப்பா ஒரு வக்கீல். மகனை பால்டிமோரில் லியோ கேனர் என்ற டாக்டரிடம் 1938-இல் கூட்டிப்போகும் முன், மகனைப் பற்றி 33 பக்கம் தட்டச்சு செய்து அனுப்பினார். தனியாக விட்டால்தான் சந்தோஷம், பாத்திரத்தையும் கட்டையையும் சுழற்றுவான், இரண்டு வயதுக்குள் வேதாகமச் சங்கீதத்தை ஒப்பிப்பான் என்றெல்லாம். 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி கேனர் எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனியாக அடையாளம் காட்டியது. அதில் முதல் பிள்ளை டொனால்ட். அந்த வரலாற்றின் பெரும்பகுதி அப்பாவின் கடிதத்திலிருந்து வந்தது. கடிதம் நுணுக்கத்தில் வெறிபிடித்தது போல இருக்கிறது என்று கேனர் அதிலேயே ஒரு குத்து வைக்கிறார், அருமையான விவரம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பெற்றோரின் ஈரமில்லாத வளர்ப்பைப் பற்றிய பேச்சும் பின்னாளில் அவர் எழுத்திலேயே வந்தது. அது வளர்ந்து, 'குளிர்பெட்டி அம்மா' என்று ஒரு தலைமுறைத் தாய்மார்களைச் சுட்டது. அந்தக் கொள்கை எப்போதோ செத்துவிட்டது. ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் இப்போது செல்போன். சின்னப் பிள்ளைக்குத் திரை நல்லதில்லை, அதைக் குறைத்தோம், குறைக்கவும் வேண்டும். ஆனால் அம்மா கைபேசி கொடுத்ததால் ஆட்டிசம் வந்தது என்பது வேறு பேச்சு. தடுப்பூசியால் வந்தது என்பதும் அப்படித்தான். அதைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

டொனால்ட் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, ஊர் சுற்றி, 2023-இல் 89 வயதில் இறந்தார். "முப்பத்திமூணு பக்கமுங்களா?" என்று கேட்டாள். மறுநாள் நோட்டை எடுத்தாள்.

இரண்டாம் முறை நோட்டோடு போனபோது டாக்டரம்மா அதை ஒரு பக்கம் விடாமல் படித்தார். வேறு வேறு நாட்களில் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தார். பிறகுதான் ஆட்டிசம் என்று சொன்னார். சொல்லும் முன்பே பேச்சுப் பயிற்சியைத் தொடங்கச் சொல்லியிருந்தார். பெயர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, பேசாத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க எந்தச் சான்றிதழும் வேண்டாம். செலவு தாங்காதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்தைக் கேளுங்கள், அங்கே கட்டணம் இல்லை.

சான்றிதழ் வேண்டியது சலுகைகளுக்கு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. தம்பிக்கு மூன்று வயது தாண்டியதும், அரசு மருத்துவமனையில் ஐஎஸ்ஏஏ என்ற இந்திய அளவுகோலில் மதிப்பிட்டார்கள். 40 கேள்விகள், ஆறு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இதில் எண் போடுவது அந்தச் செயல் நூற்றுக்கு எத்தனை முறை நடக்கிறது என்பதை வைத்து. 20 சதவீதம் வரை 1, 40 வரை 2, இப்படி. "கூப்பிட்டால் பார்ப்பானா" என்று கேட்டபோது "எழுபதுக்கு ஒன்பதுங்க" என்றேன். மதிப்பிட்டவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

அவனுக்கு 98 வந்தது. கம்பெனியில் 100 சதுர கெஜத்துக்கு 40 புள்ளி தாண்டினால் ரோலைத் தள்ளிவிடுவோம். பழக்கதோஷத்தில் மனசு அந்தக் கணக்குக்குப் போனது. உடனே என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. படிவத்தில் இருந்த சொல் இன்னும் மோசம்: 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்.' புற உலகச் சிந்தனை அற்றவனாம். நொய்யல் பாலத்தில் வேலை நடப்பதை எங்களுக்கு முன்னால் மனசில் ஏற்றிக்கொண்டவன் அவன்தான். ஆட்டிசம் என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

குறையை மட்டும் எழுதி எழுதி நமக்கும் கண் பழுதாகிவிடும். நோட்டின் பின்பக்கத்திலிருந்து, தலைகீழாகத் திருப்பி, அவன் செய்கிறவற்றை எழுதச் சொன்னவர் டாக்டரம்மா. சத்தத்தை வைத்தே எங்கள் தெருவில் எந்த வண்டி வருகிறது என்று அறிவான், மூடிகளை நிறம் பார்த்துப் பிரிப்பான், தூங்கும் முன் என் காது மடலைப் பிடித்துக்கொள்வான். அதையும் மிகைப்படுத்தி மேதை என்று கிளம்பிவிடாதீர்கள் என்றும் அவரே சொன்னார்.

தம்பிக்கு இப்போது ஆறு வயது. அந்த நோட்டு தீரவில்லை, நடுவில் பக்கம் நிறைய மிச்சம். மனைவி அதில் பால் கணக்கு எழுதுகிறாள். போன மாதம் கணக்குப் பார்க்க எடுத்தேன். "3-ஆம் தேதி, பால் 1 லிட்டர். 4-ஆம் தேதி, 1 லிட்டர். தயிர் அரை. 5-ஆம் தேதி, பால் இல்லை. சாயங்காலம் 6.50, நான் சமையலறையில். தம்பி கூடத்திலிருந்து வந்து என் முந்தானையை இழுத்து, 'கரண்ட் போச்சு' என்றான். என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போய்விட்டான். 6-ஆம் தேதி, 1 லிட்டர்."